கொழும்பு வீட்டுக்குக் கூட்டித் துடைக்கும் ரோபோ: வாங்க முதல் எதை அளக்க வேணும்?

அலையோரம் | திங்கள், மு.ப. 7:40

வெள்ளவத்தை, கடற்பக்கம், மூன்றாம் மாடி. 950 சதுர அடி. ஹோல், மூன்று அறை, குசினி. தரை முழுக்க வெளிர் டைல்ஸ், சாமியறையில மட்டும் கறுப்புக் கிறனைற். வீட்டில இருக்கிறது எழுபது தாண்டின இரண்டு பேர், குனிஞ்சு கூட்டேலாது. ஒவ்வொரு நாளும் கூட்டி, கிழமைக்கு மூன்று நாள் துடைச்சால் போதும். கடையில ஒன்றில 4000 பாஸ்கல், மற்றதில 10000, அடுத்ததில 18000 எண்டு எழுதிக் கிடக்கு. எதை நம்பி வாங்கிறது? அடுத்த மாதம் கனடாவில இருந்து ஆக்கள் வருகினம். அங்க வாங்குவிக்கலாமோ?

தும்புத்தடி | திங்கள், மு.ப. 8:25

பாஸ்கல் எண்ணை ஒரு பக்கம் வையுங்கள். அது காற்றுவழியை முழுக்க அடைத்துப் பிடித்து எடுத்த உறிஞ்சு அழுத்தத்தின் அளவு. ஓடும் ரோபோவுக்கு வாய் திறந்துதான் இருக்கும். குப்பையைத் தூக்குவது காற்றோட்டமும் பிரஷும். கம்பளம் விரித்த வீட்டில் அந்த எண்ணுக்குக் கொஞ்சம் வேலை உண்டு. டைல்ஸுக்கு 2500 தாராளம். 2016இல் வந்த ஷாவோமியின் முதல் ரோபோவுக்கு 1800 பாஸ்கல்தான், அரிசியும் மணலும் தலைமுடியும் அதற்கே ஏறின.

கொழும்பு வீட்டில் ரோபோவை மடக்குவது வாசற்படி. டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டை ஒருமுறை சுற்றுங்கள்.

ஒவ்வொரு வாசலிலும் பதித்த கல் எத்தனை சென்ரிமீற்றர் நிற்கிறது என்று பாருங்கள். சாதாரண மொடல்கள் 2 வரை ஏறும். விளிம்பு உருட்டியிருந்தால் சுகம். சதுர விளிம்பென்றால் நேராக வந்தால் ஏறும், சரிவாக வந்தால் ஒரு சில்லு மேலேயும் மற்றது கீழேயுமாகச் சுற்றிக்கொண்டு நிற்கும். உடம்பைத் தூக்கி 4 சென்ரிமீற்றர் ஏறும் மொடல்களும் இப்போது உண்டு, விலையும் அதற்கேற்ற மாதிரி.

குளியலறை வாசலில் அளவை மறுபக்கமாக எடுங்கள். தரை அறையைவிட எவ்வளவு பதிந்திருக்கிறது? படிக்கட்டு மாதிரி ஆழமான இறக்கத்தை அடியிலுள்ள உணரிகள் கண்டுபிடித்துத் திரும்பிவிடும். இரண்டு, இரண்டரை சென்ரிமீற்றர் இறக்கம்தான் தொல்லை. அது உணரிக்குப் பள்ளமாகத் தெரியாது. ரோபோ இறங்கும், ஏறாது. ஈரத்தில் நின்று பற்றறி இறங்கும்வரை முட்டிக்கொண்டிருக்கும். ரோபோ வீட்டைச் சுற்றி எடுத்து, போன் செயலியில் காட்டும் வரைபடத்தில் அந்த வாசலுக்குத் தடைக்கோடு போட்டே ஆகவேண்டும்.

அடுத்தது கட்டில், செற்றி, அலுமாரியின் அடி உயரம். வரைபடம் எடுக்கத் தலையில் லேசர் கோபுரம் உள்ளவை ஏறத்தாழ 9.7 சென்ரிமீற்றர் உயரம். இடைவெளி 11க்கு மேல் என்றால் பயமில்லை. 9க்குக் கீழ் என்றால் நுழையாது, அதுவும் பயமில்லை. இரண்டுக்கும் நடுவில் உள்ளதுதான் பொறி. கோபுரம் இறுகிப்போய் நிற்கும். கால்களுக்கு அடியில் 2 சென்ரிமீற்றர் ரப்பர் கட்டை வைத்துத் தூக்கலாம், அல்லது அந்த இடத்தைத் தடை வலயமாக்கலாம்.

கடைசியாக, சார்ஜ் தளம் வைக்கும் இடம். இரண்டு பக்கமும் அரை மீற்றர், முன்னால் ஒன்றரை மீற்றர் வெறுமையாக வேண்டும். மேற்கு யன்னல் வெயில் நேரே விழக்கூடாது. தளம் அனுப்பும் அகச்சிவப்புச் சமிக்ஞையை வெயில் குழப்பும், பற்றறியும் சூடாகும். கடற்பக்க வீடென்றால் பின்னேர வெயில் எதுவரை வருகிறது என்று ஒருநாள் பார்த்துவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள்.

பற்றறிப்பெட்டி | திங்கள், மு.ப. 9:02

கனடா விசயத்துக்கு வாறன். அங்க 120 வோல்ற், இங்க 230. ரோபோவோட வாறது சின்னச் சார்ஜ் தளம் மட்டும் எண்டால், அதின்ர அடியில ஒட்டியிருக்கிற லேபலைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ. இன்புட் 100–240 வோல்ற் எண்டிருந்தால் பிளக்கை மட்டும் மாத்தினால் காணும். குப்பையைத் தானே உறிஞ்சி எடுக்கிற பெரிய தளம் எண்டால் உள்ள ஒரு வாக்குவம் மோட்டார் இருக்கு. வட அமெரிக்க மொடலில அது 120 வோல்ற்றுக்கு மட்டும் செய்தது. இங்க நேர கொழுவினால் அன்றைக்கே புகை.

லண்டனில இருந்து ஆக்கள் வந்தால் அவையிட்டச் சொல்லுங்கோ. அங்கயும் 230, பிளக்கும் எங்கட 13 ஆம்பியர் சதுர முள்ளுத்தான்.

மாற்றியமைப்பான் | திங்கள், மு.ப. 9:30

230ஐ 120 ஆக இறக்கும் ஸ்ரெப் டவுண் ட்ரான்ஸ்போமர் வைத்தால் பிரச்சினை தீர்ந்ததே?

பற்றறிப்பெட்டி | திங்கள், மு.ப. 9:51

கணக்குப் பாருங்கோ தம்பி. குப்பை உறிஞ்சுற அந்தப் பத்துப் பதினைஞ்சு செக்கனுக்கு மோட்டார் ஆயிரம் வாற்றுக்குக் கிட்ட இழுக்கும், தொடங்கேக்க அதைவிடக் கூட. 1500 வீ.ஏ. (வோல்ற்-ஆம்பியர்) தாங்கிற ட்ரான்ஸ்போமருக்குக் குறைய வைக்கேலாது. அது கல்லு மாதிரிப் பாரம், இருபத்திநாலு மணித்தியாலமும் இரைஞ்சுகொண்டு சும்மா கறண்டும் தின்னும். மோட்டார் 60 ஹேர்ட்ஸுக்குச் செய்ததெண்டால் 50இல எப்படி ஓடும் எண்டதும் வேற. சேமிச்ச காசு அங்கயே போயிடும்.

சீன மொடல் எடுத்தால் வோல்ற் சரி, ஆனால் செயலியில நாட்டைச் சீனா எண்டு போட்டால்தான் அது சேரும். பேசுறதும் சீனத்தில. வயதானாக்கள் இருக்கிற வீட்டில, அது எங்கயோ மாட்டுப்பட்டு நிண்டு சீனத்தில கத்தினால் ஆருக்கு விளங்கும்?

புறக்கோட்டை வாசி | திங்கள், மு.ப. 10:15

வாங்குற இடத்தில மூணு விசயம் கேளுங்க. இந்த மொடலுக்குப் பக்க பிரஷ், பில்டர், துடைக்கிற துணி இப்ப கையில இருக்கா? சில்லு மோட்டார் போனா யார் திறந்து பார்ப்பாங்க? வாரண்டியில பற்றறிக்கு எத்தனை மாசம்? "எடுத்துத் தாறேன்" என்ற பதில் மூணுக்கும் வந்தா வேற கடை பாருங்க. ஒன்லைன்ல ரெண்டாயிரம் குறைவுன்னு வாங்கிட்டு, பத்துக் கிராம் பிரஷுக்கு ஆறு கிழமை காத்திருக்கிறதில வேலையில்ல.

பில்டரும் பக்க பிரஷும் ஒரு வருசத்துக்குத் தேவையானதை அப்பவே சேர்த்து எடுங்க. பக்க பிரஷ் மூணிலிருந்து ஆறு மாசம், பில்டரும் கிட்டத்தட்ட அதே, நடு பிரஷ் ஆறிலிருந்து பன்னிரண்டு மாசம்.

குசினிக்காரி | திங்கள், மு.ப. 11:20

யாரும் குசினியைப் பற்றிச் சொல்லவில்லை. இந்த ரோபோக்கள் உலர்ந்த குப்பைக்குச் செய்தவை. தேங்காய் துருவின இடத்தில் சிந்தின பூ, கழுவின அரிசி, வெங்காயத் தோலோடு ஒட்டின ஈரம், இவை உள்ளே போனால் குப்பைப் பெட்டியில் விழுவதற்கு முதலே காற்றுவழியின் வளைவில் ஒட்டிக்கொள்ளும். எங்கள் வெக்கைக்குத் தேங்காய்ப்பூ ஒரே நாளில் புளிக்கும். மறுநாள் ரோபோ ஓடும்போது ஊதுகிற காற்றில் அந்த மணம் ஹோல் முழுக்க வரும். அதைவிட விரைவாக வருவது எறும்பு. சார்ஜ் தளத்துக்கு வரிசை கட்டி வந்து, பெட்டி மூடியின் ரப்பர் ஓரத்தால் உள்ளே போகும். மருந்து அடிக்காதீர்கள், அதன் எண்ணெய் உணரிக் கண்ணாடியில் படியும். பெட்டியைத் தட்டி, கழுவி, காயவிட்டுப் போட்டாலே எறும்பு நின்றுவிடும்.

குசினியை வரைபடத்தில் தனி அறையாகப் பிரித்து, வரிசையில் கடைசியாக வையுங்கள். சமையல் முடிந்து தரை காய்ந்த பிறகு, பிற்பகல் இரண்டு மணிக்கு. அது முடிந்ததும் பெட்டியைத் தட்டிவிட வேண்டும்.

மா சிந்தினால் ரோபோவை விடவே கூடாது. கோதுமை மா, அரிசி மா, விபூதி மூன்றும் ஒன்றுதான். பில்டரின் மடிப்பை அடைத்து, உறிஞ்சும் பலத்தைப் பாதியாக்கிவிடும். ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள். பல்லி எச்சமும் அப்படித்தான்: காய்ந்தது என்றால் போகும், புதிது என்றால் சில்லில் அப்பிக்கொண்டு வீடு முழுக்கக் கோடு போடும்.

தும்புத்தடி | திங்கள், பி.ப. 12:10

குசினிக்காரி அக்கா சொன்னதோடு பில்டர் கழுவும் விசயத்தையும் சேர்க்கிறேன். கழுவலாம் என்று போட்டிருந்தால் மட்டும் கழுவுங்கள், சவர்க்காரம் இல்லாமல், பிரஷால் உரசாமல். காய 24 மணித்தியாலம் என்று கையேடு சொல்லும். அது உலர்ந்த நாட்டுக் கணக்கு. ஒக்ரோபர், நவம்பர் மழையில் இங்கே 48 வையுங்கள், மின்விசிறிக்குக் கீழே. அரைகுறை ஈரத்தோடு போட்டால் தூசி பசையாகி, இரண்டே நாளில் பூஞ்சண மணம் வரும். இரண்டு பில்டர் வைத்து மாற்றி மாற்றிப் போடுவது நல்லது.

கொட்டாஞ்சேனை | திங்கள், பி.ப. 1:35

நுளம்புத்திரி! அதைத் தரையில் வைக்கும் வீட்டில் ரோபோவைத் தானாக ஓடும் நேரத்துக்கு விடவே கூடாது. தகரத் தட்டோடு சேர்த்துத் தள்ளிக்கொண்டு போய்த் திரைச்சீலைக்குக் கீழே நிறுத்தும். கங்கு உள்ளே போனால் பெட்டிக்குள் இருப்பது முழுக்கத் தூசியும் முடியும், அதற்குமேல் காகிதப் பில்டர், பின்னால் லிதியம் பற்றறி. திரியை உயரத்தில் வையுங்கள், அல்லது பிளக்கில் கொழுவும் திரவ மருந்துக்கு மாறுங்கள்.

நுளம்பு வலையும் கவனம். கட்டிலைச் சுற்றித் தரையைத் தொடுகிற விளிம்பைப் பிரஷ் பிடித்தால் இழுத்துச் சுருட்டும். காலையில் வலையைச் சுருட்டி மேலே போடுவதற்கு முதல் ரோபோ தொடங்கக்கூடாது. கொடியில் தொங்கும் சாரம், சேலைக்கும் இதே சட்டம்: தரையிலிருந்து 15 சென்ரிமீற்றர் மேலே.

சாமியறையில் குத்துவிளக்கைச் சுற்றி ஒரு மீற்றருக்கு ஒரு மீற்றர் தடை வலயம். எண்ணெய் சிந்தின இடத்தால் ஒருமுறை போனால் சில்லின் ரப்பரில் எண்ணெய் ஏறும். பிறகு அது வழுக்கும். வழுக்கினால் தான் எவ்வளவு தூரம் ஓடினேன் என்று சில்லுச் சுற்றை எண்ணி வைக்கும் கணக்குப் பிழைத்து வரைபடம் கோணும். சில்லை மெல்லிய சவர்க்காரத் தண்ணி நனைத்த துணியால் துடையுங்கள்.

அலையோரம் | திங்கள், பி.ப. 2:05

கறுப்புக் கிறனைற்றில பிரச்சினை வரும் எண்டு ஒருவர் சொன்னார். உண்மையோ?

தும்புத்தடி | திங்கள், பி.ப. 2:40

உண்மை. விழாமல் தடுக்கும் உணரி அகச்சிவப்பு ஒளியைக் கீழே அடித்து, திரும்பி வருவதை அளக்கிறது. மினுக்கின கறுப்புக் கல் அதைத் திருப்பிச் சிதறவிடாது. ஒளி வராவிட்டால் ரோபோவுக்கு அது கிணறு. வாசலிலேயே பின்வாங்கும், அல்லது நடுவில் நின்று "உணரியைத் துடை" என்று கேட்கும். எல்லாக் கறுப்புக் கல்லிலும் வராது. மேற்பரப்பில் வெள்ளைப் புள்ளி கலந்த கிறனைற் பெரும்பாலும் ஓடும். வாங்க முதல் கல்லைப் படம் எடுத்துப் பயனில்லை, ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

உணரிக்கு மேல் வெள்ளைக் கடதாசி ஒட்டு என்று இணையத்தில் சொல்வார்கள். மாடி வீட்டில், வாசற்கதவு திறந்திருந்தால், அந்த ரோபோ படிக்கட்டால் நேரே போகும். சாமியறையைத் தடை வலயமாக்கிவிட்டுக் கையால் கூட்டுவது மேல். எப்படியும் விளக்கும் பூவும் இருக்கும் அறை.

கண்ணாடிக்கும் இதே மாதிரி ஒரு கூத்து உண்டு. லேசர் கண்ணாடிக்குள்ளால் போய்விடும். நிலைக்கண்ணாடி பதித்த அலுமாரி என்றால் பிரதிபலித்து, வரைபடத்தில் இல்லாத ஓர் அறையைக் காட்டும். லேசர் சுழலும் உயரத்தில், தரையிலிருந்து 8 முதல் 10 சென்ரிமீற்றர் வரை, ஒளி ஊடுருவாத ரேப் ஒன்றை நீளமாக ஒட்டிவிட்டு வரைபடத்தைப் புதிதாக எடுங்கள்.

கிணற்றடி | திங்கள், பி.ப. 4:15

துடைக்கிறதைப் பற்றி. மூன்று வகை இருக்கு. முதலாவது, ஈரத் துணியைச் சும்மா இழுத்துக்கொண்டு போறது. தூசி பிடிக்கும், கறை போகாது. இரண்டாவது, துணியை அதிரவைக்கிறது. மூன்றாவது, இரண்டு வட்டத் துணி சுழலுறது, நிமிடத்துக்கு 180 சுற்று மாதிரி. தேத்தண்ணிக் கறை காய்ஞ்சிருந்தால் மூன்றாவதுதான் எடுக்கும், அதுவும் இரண்டு தரம் போனால்.

தண்ணி முக்கியம். கொழும்புக் குழாய்த் தண்ணி களனி கங்கையாலும் லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களாலும் வாறது, சுண்ணாம்பு குறைவு, அப்படியே ஊத்தலாம். தெகிவளைப் பக்கம், புறநகர்ப் பக்கம் கிணறு, குழாய்க்கிணறு பாவிக்கிற வீடுகளில தண்ணி கடினம், சில இடத்தில இரும்பும் கலந்திருக்கும். ரோபோவில தண்ணி வாற துவாரம் குண்டூசித் தலை அளவு. இரண்டு மாதத்தில அடைச்சு, ஒரு பக்கம் மட்டும் ஈரமாகும். அடைச்சால் 200 மில்லிலீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணியில ஒரு தேக்கரண்டி சித்திரிக் அமிலம் கரைச்சு, தொட்டியில அரை மணித்தியாலம் வைச்சு, துணி இல்லாமல் ஓடவிட்டு, பிறகு நல்ல தண்ணியால இரண்டு தரம் அலசுங்கோ. வினாகிரி வேண்டாம், ரப்பர் வளையம் பழுதாகலாம்.

அம்மாமார் விரும்புற மணத் திரவம், பினாயில், பிளீச், ஒண்டும் தொட்டியில ஊத்தக்கூடாது. நுரை பம்பில காற்றுக் குமிழாகி நிக்கும், பினாயில் எண்ணெய் ரப்பரை ஊதவைக்கும். மணம் வேணுமெண்டால் துடைச்சு முடிஞ்ச பிறகு தனியத் தெளியுங்கோ.

தரை காய்ஞ்ச பிறகு கோடு கோடாத் தெரிஞ்சால் ரோபோவில பிழையில்லை. முந்திக் கையால துடைக்கேக்க போட்ட மருந்தின்ர படிவுதான் இப்ப கரைஞ்சு வருது. வெறும் சுடுதண்ணியால ஒருக்காக் கையால துடைச்சுவிட்டால் போகும். சிவப்புச் சீமெந்துத் தரைக்கு மெழுகு பொலிஷ் பூசுற பழைய வீடுகளில துடைக்கிற ரோபோ சரிவராது. துணியில மெழுகு அப்பும், சில்லு வழுக்கும். அங்க கூட்டுறது மட்டும்.

மருதானைக்காரன் | திங்கள், பி.ப. 6:50

துணியைத் தானே கழுவிக் காயவைக்கும் பெரிய தளம் தேவையா? விலை இரட்டிப்பு.

கிணற்றடி | திங்கள், பி.ப. 7:20

வயதானாக்கள் இருக்கிற வீடெண்டால் தேவை, அதுவும் சூட்டுக் காற்று உள்ளது. இல்லாட்டி ஒவ்வொரு முறையும் குனிஞ்சு துணியைக் கழற்றி அலசிக் காயவிட வேணும். குனியேலாதெண்டுதானே ரோபோ தேடுறது. ஈரத் துணி எங்கட ஈரப்பதனில ஒரு இரவு கிடந்தால் அடுத்த நாள் துடைக்கேக்க வீடெல்லாம் ஊத்தைத் துணி மணம்.

ஆனால் அழுக்குத் தண்ணித் தொட்டியை ஆரோ ஒராள் தூக்கி ஊத்தத்தான் வேணும். நிறைஞ்சால் மூன்றரை, நாலு கிலோ. எழுபது வயது ஆளைத் தூக்க விடாமல், பாதி நிறைய முதல், இரண்டு நாளைக்கு ஒருக்கா ஊத்தச் சொல்லுங்கோ. தளத்தைக் குளியலறைக்குக் கிட்ட வைச்சால் நடக்கிற தூரம் குறையும்.

இன்னொண்டு, டெங்கு. தொட்டிக்கு மூடி இருக்கு, துணி கழுவுற தட்டுக்கு இல்லை. அதில எப்பவும் கொஞ்சம் தண்ணி நிக்கும். ஈடிஸ் நுளம்பு முட்டையிலிருந்து பறக்க ஏழெட்டு நாள் காணும். ஊருக்கு, கோயிலுக்கு எண்டு ஒரு கிழமை வீட்டைப் பூட்டுறதெண்டால் இரண்டு தொட்டியும் ஊத்தி, தட்டைத் துடைச்சு, பிளக் பேஸில ஓஃப் பண்ணிப்போட்டுப் போங்கோ. பூச்சாடித் தட்டைப் பார்க்க வாற பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இதைப் பார்க்க நினைக்கமாட்டார், நுளம்பு நினைக்கும்.

மீற்றர்வாசிப்பு | செவ்வாய், மு.ப. 6:30

கறண்ட் பில் கணக்கு: 14.4 வோல்ற், 5200 மில்லிஆம்பியர்மணி பற்றறி என்றால் 75 வாற்மணி. இந்த வீட்டில் தளபாடம் போக 55, 60 சதுர மீற்றர் தரை வரும். நிமிடத்துக்கு ஒரு சதுர மீற்றர் என்று ஒரு மணித்தியாலம், அதாவது பாதிப் பற்றறி. சார்ஜ் இழப்போடு சுவரிலிருந்து 50 வாற்மணி, மாதம் ஒன்றரை அலகு. தளம் சும்மா நிற்க 3 வாற் என்று வைத்தால் இன்னும் 2 அலகு. சூட்டுக் காற்று 50 வாற், 3 மணித்தியாலம், மாதத்தில் 13 தடவை: 2 அலகு. கூட்டினால் மாதம் ஐந்தரை. 60, 90, 120 என்ற படிகளில் விளிம்பில் நிற்கும் வீடென்றால் மட்டும் யோசியுங்கள். அங்கே ஐந்து அலகு அடுத்த படிக்குத் தள்ளிவிடும்.

பற்றறிப்பெட்டி | செவ்வாய், மு.ப. 8:10

கறண்ட் போனால் என்ன நடக்கும் எண்டதையும் சொல்லவேணும். ரோபோ நிக்காது, அதுக்குப் பற்றறி இருக்கு. ஆனால் தளம் செத்தால் அகச்சிவப்புச் சமிக்ஞை இல்லை. வேலை முடிச்சு, வரைபடத்தில தளம் இருக்கிற இடத்துக்கு வந்து, முன்னால ஆடி ஆடித் தேடிப்போட்டு நிண்டுடும். கறண்ட் வந்தாலும் அதுக்குத் தெரியாது. ஆரும் தளத்துக்குத் திரும்பச் சொல்லுற வீட்டுப் பொத்தானை அமத்தவேணும். அமத்தாமல் மூன்று நாலு நாள் கிடந்தால் பற்றறி அடி வரை இறங்கி, பிறகு சார்ஜே ஏறாது. நாலு கலமும் தொடராக இருக்கிற பொதி, ஒரு கலம் இரண்டரை வோல்ற்றுக்குக் கிட்டப் போனால் பாதுகாப்புச் சுற்று பூட்டிவிடும். சிலது தளத்தில ஒரு இரவு வைச்சால் மீளும், சிலது இல்லை.

ரவுட்டருக்கு 12 வோல்ற் மினி யூ.பி.எஸ். ஒன்று போடுங்கோ, செயலியாவது வேலை செய்யும். இடி மின்னல் நாளில தளத்தின்ர பிளக்கைக் கழற்றுங்கோ. ஏப்ரல், ஒக்ரோபர் பின்னேரங்களில ஓட நேரம் வைக்காமல் காலமை பத்து மணிக்கு வைச்சால் இரண்டு தொல்லையும் குறையும்.

கடற்கரை வீடுகளுக்குத் தனியாக: உப்புக் காத்து. சார்ஜ் ஏறுற இரண்டு உலோகத் தகட்டிலயும் பச்சையும் மங்கலும் படியும். "தளத்தில இருக்கு, சார்ஜ் இல்லை" எண்டு வந்தால் முதலில பள்ளிக்கூட அழிறப்பரால தகட்டை உரசித் துடையுங்கோ, ரோபோவின்ர அடியிலயும் தளத்திலயும். மாதம் ஒருக்காச் செய்தால் போதும். உப்புத்தாள் போடாதையுங்கோ, முலாம் போயிடும்.

வை-பையில பெரும்பாலான மொடல் 2.4 கிகாஹேர்ட்ஸ் மட்டும்தான். ரவுட்டர் 2.4ஐயும் 5ஐயும் ஒரே பெயரில விட்டால் சிலவேளை சேராது. சேர்க்கிற நேரத்துக்கு மட்டும் 5ஐ நிப்பாட்டுங்கோ.

குறடு | செவ்வாய், மு.ப. 9:45

ரோபொரொக் நிறுவன ரோபோக்களிலும் ஆரம்ப ஷாவோமி மொடல்களிலும் வரும் பிழை எண்கள், ஒட்டி வைக்க:

1 – லேசர் கோபுரம் சுற்றவில்லை. விரலால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். முடி சிக்கியிருக்கும், அல்லது உள்ளே உள்ள சின்ன ரப்பர் பெல்ற் தளர்ந்திருக்கும். பெல்ற் தனியாகக் கிடைக்கும்.
2 – முன் பம்பர் அமுங்கின நிலையில் இறுகியிருக்கிறது. மணல். பம்பரைச் சுற்றித் தட்டுங்கள்.
4 – விழாமல் தடுக்கும் உணரி அழுக்கு. உலர்ந்த மென்துணி.
5 – நடு பிரஷ். 6 – பக்க பிரஷ். 7 – சில்லு.

ஐந்தாம் எண்தான் எங்கள் வீடுகளில் அடிக்கடி வரும். தேங்காயெண்ணெய் வைத்த நீளத் தலைமுடி தூசியோடு சேர்ந்து கயிறாகத் திரியும். பிரஷின் நடுவில் தெரிவதை எல்லோரும் வெட்டி எடுப்பார்கள். சேதம் செய்வது இரண்டு முனையிலும் உள்ள பெயாரிங் மூடிக்குள் போன முடி. மூடியைக் கழற்றினால் உள்ளே மோதிரம் மாதிரி இறுகிச் சுற்றியிருக்கும். ஒரு ஊசியால் தூக்கிச் சின்னக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். அதை விட்டால் உராய்வில் சூடாகி, பிளாஸ்ரிக் முனை உருகி ஓவலாகும். பிறகு பிரஷ் மட்டும் மாற்றிச் சரிவராது, அது இருக்கும் கூடும் மாற்ற வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, பத்து நிமிடம்.

பற்றறி மாற்றும்போது வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதென்றால்: உதிரிப் பற்றறி கைப்பையில்தான், சூட்கேஸில் போடக்கூடாது. 100 வாற்மணிக்குக் கீழ் என்றால் அனுமதி கேட்கத் தேவையில்லை, 75 அதற்குள் வருகிறது. முனைகளுக்கு ரேப் ஒட்டுங்கள்.

மருதானைக்காரன் | செவ்வாய், மு.ப. 11:00

யன்னல் துடைக்கும் ரோபோ? கடற்பக்கக் கண்ணாடி உப்பால் மங்கிப்போகுமே.

கொட்டாஞ்சேனை | செவ்வாய், மு.ப. 11:40

இரும்புக் கிறில் அடித்த யன்னலுக்கு மறந்துவிடுங்கள், கிறிலுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் கை போவதே கஷ்டம். சாய்த்துத் திறக்கும் கண்ணாடிப் பட்டிகளிலும் நிற்காது. பல்கனியின் பெரிய நகரும் கண்ணாடிக்கு மட்டும் பொருந்தும். உப்பு தடிப்பாகப் படிந்த கண்ணாடியை முதல் தரம் உலர்ந்த துணியோடு ஓட்டுங்கள். எடுத்த எடுப்பில் தண்ணி அடித்தால் உப்புக் கூழாகி, ரோபோவின் ஓடுபட்டி வழுக்கி இடத்திலேயே சுற்றும். பாதுகாப்புக் கயிற்றை அறைக்குள் அசையாத ஒன்றில் கட்டவேண்டும், பிளாஸ்ரிக் கதிரையில் அல்ல. கறண்ட் போனால் உள்ளிருக்கும் பற்றறி இருபது நிமிடம் மாதிரித்தான் ஒட்டிப் பிடிக்கும். ஆள் வீட்டில் இல்லாதபோது ஓட்டக்கூடாது, கீழே நடைபாதை.

புறக்கோட்டை வாசி | செவ்வாய், பி.ப. 12:30

துணி மடிக்கிற, சட்டி கழுவுற மனுசன் மாதிரி ரோபோ எப்ப வரும்னு அடுத்து யாரும் கேப்பாங்க, அதனால இப்பவே. 2025 ஒக்ரோபர்ல நியோ என்ற ஒண்ணுக்கு 20,000 டொலருக்கு முன்பதிவு தொடங்கினாங்க. தெரியாத வேலைய, தூரத்தில இருந்து ஒரு ஆள் கமராவால பார்த்துச் செய்யவைக்கிற ஏற்பாடும் அதில ஈக்கிது. கையுள்ள வாக்குவமும் அதே வருசம் வந்திச்சு, தூக்குறது 300 கிராம் வரைக்கும். காலுறைக்குக் காணும்.

அலையோரம் | புதன், மு.ப. 7:15

அளந்து பார்த்தது: அறை வாசல் மூன்றும் 1.2 சென்ரிமீற்றர், உருட்டின விளிம்பு. குசினி வாசல் 2.5, சதுரம். குளியலறை 2 இறக்கம். செற்றி அடி 9.5, கட்டில் 24. தளத்துக்கு ஹோலில குளியலறைச் சுவரோட இடம் இருக்கு, வெயில் வராது. குசினிப் படிக்கு என்ன செய்யலாம்?

தும்புத்தடி | புதன், மு.ப. 8:00

நல்ல அளவுகள். சுழலும் வட்டத் துணி, சூட்டுக் காற்றுத் தளம், லேசர், 2 சென்ரிமீற்றர் ஏறும் சாதாரண மொடல் போதும். 4 ஏறுவதற்குக் காசு கொடுக்க வேண்டாம்.

குசினிப் படிக்குச் சரிவுப் பலகை. உயரத்தைப்போல ஐந்து மடங்கு நீளம்: 2.5க்கு 12.5 சென்ரிமீற்றர். அகலம் வாசல் முழுக்க; ரோபோ 35 என்றாலும் 40க்குக் குறைந்தால் விளிம்பால் விழும். இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. மேலே மெல்லிய ரப்பர் விரிப்பு ஒட்டுங்கள், இல்லாவிட்டால் ஈரத் துணியோடு ஏறும்போது வழுக்கும். பெற்றோர் கால் தடுக்காதபடி, தரையைத் தொடும் ஓரத்தை இழைத்து மெல்லியதாக்கி, மஞ்சள் ரேப் அடியுங்கள். செற்றியின் அடி 9.5, நான் முதலே சொன்ன பொறி. தடை வலயம் போடுங்கள், மாதம் ஒருமுறை செற்றியை நகர்த்திக் கூட்டலாம்.

அது ஓடும் நேரத்தில் பெற்றோர் இருவரும் இருந்தபடி இருக்கும் நேரமாகப் பாருங்கள். காலடியில் வந்தால் தடுக்கி விழுவார்கள். குரல் ஒலியை உச்சத்தில் வையுங்கள், வருவது கேட்கும். செயலி அவர்களுக்குத் தேவையில்லை. ரோபோவின் மேல் இரண்டு பொத்தானுக்கும் தமிழில் "தொடங்கு", "வீட்டுக்குப் போ" என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.

அலையோரம் | புதன், மு.ப. 8:20

பலகை குசினித் தண்ணியில ஊதாதோ?

கிணற்றடி | புதன், மு.ப. 8:45

சாதாரண பிளைவூட் ஊதும். மரைன் பிளைவூட் எடுத்து, வெட்டின ஓரம் நாலுக்கும் இரண்டு கை வார்னிஷ் அடியுங்கோ. தண்ணி குடிக்கிறது ஓரத்தாலதான். அடியில இரட்டைப் பக்க ரேப் போதும், ஆணி வேண்டாம், டைல்ஸ் வெடிக்கும்.